நீண்ட அலைக்குள்ளிருந்து எக்ஸ் கதிர்: 3.9 மைக்ரான் ஹீலியம் சோதனை, ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஜூனில் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு சோதனையைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம். மெல்லிய துளையுள்ள கண்ணாடிக் குழாயில் ஹீலியத்தை மிகுந்த அழுத்தத்தில் நிரப்பி, ஒரு முனையில் 3.9 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் துடிப்பைச் செலுத்தினார்கள். மறுமுனையில் 1,600 எலக்ட்ரான் வோல்ட்டையும் தாண்டி நீளும் எக்ஸ் கதிர்க் கற்றை வந்தது. அந்த உச்சியில் அலைநீளம் சுமார் 0.77 நானோமீட்டர். உள்ளே போன ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 0.32 எலக்ட்ரான் வோல்ட்தான். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட லேசர் ஃபோட்டான்களின் ஆற்றல் ஒரே எக்ஸ் கதிர் ஃபோட்டானில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கொலராடோவில் உள்ள ஜிலா ஆய்வகத்தின் மார்கரெட் மர்னேன், ஹென்றி கப்டைன் குழுவும், வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரியுஸ் பால்டுஷ்கா குழுவும் சேர்ந்து செய்த வேலை இது. கட்டுரையின் முதல் ஆசிரியர் தெனியோ பாப்மின்ட்செவ்.

இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த 1,600 என்ற எண் இல்லை. லேசரின் அலைநீளத்தைக் கூட்டினால் எக்ஸ் கதிரின் விளைச்சல் படுமோசமாகச் சரியும் என்பது அப்போது துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதில் பிழையும் இல்லை. கணக்குப் போட்டும் அளந்தும் உறுதி செய்திருந்தார்கள். அப்படியிருந்தும் அலைநீளத்தைக் கூட்டித்தான் இந்த வெளிச்சம் கிடைத்தது. சரிவை ஓர் அணுவின் பேரில் எழுதியிருந்தார்கள், வரவோ கோடானுகோடி அணுக்கள் சேர்ந்த வாயுவின் பேரில் இருந்தது. இரண்டையும் ஒரே ஏட்டில் வைத்துப் பார்க்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

கதை தொடங்கிய இடம்

வலுவான லேசரை வாயுவில் குவித்தால், லேசரின் அதிர்வெண்ணைப்போல 3, 5, 7 மடங்கு என்று ஒற்றைப்படை மடங்குகளில் புது ஒளி பிறக்கும். இவைதான் ஹார்மோனிக்குகள். வரிசை ஏற ஏற இவற்றின் வலிமை மளமளவென்று குறைந்துவிடும் என்பதுதான் பழைய எதிர்பார்ப்பு. 1987-இல் சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரோட்ஸ் குழு 248 நானோமீட்டர் லேசரையும் நியானையும் வைத்து 17-ஆவது ஹார்மோனிக் வரை போனது. அதே காலத்தில் பிரான்ஸின் சாக்லேயில் ஆன் லூலியே இருந்த குழு 1,064 நானோமீட்டர் லேசரை ஆர்கானில் செலுத்தி 33-ஆவது வரை பார்த்தது. முதல் சில வரிசைகளுக்குப் பிறகு வலிமை குறைவதை நிறுத்திவிட்டு ஒரு மேட்டுநிலம்போல நீண்டுகொண்டே போய், ஓரிடத்தில் சட்டென்று செத்துப்போவதைக் கண்டார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்த அலைநீளத்தில் 17, கூடிய அலைநீளத்தில் 33. வாயுவும் வேறு, செறிவும் வேறு என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது என்பது சரிதான். ஆனாலும் நீண்ட அலைதான் மேட்டை நீட்டுகிறது என்ற குறிப்பு கதையின் முதல் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. லூலியே 2023-இல் பியேர் அகோஸ்தினி, ஃபெரென்ஸ் கிராவுஸ் ஆகியோருடன் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டபோது பலர் நினைத்துக்கொண்டது இந்த மேட்டைத்தான்.

மேடு எங்கே முடிகிறது? 1992-இல் கிராஸ், ஷேஃபர், குலாண்டர் மூவரும் கணினிக் கணக்குகளிலிருந்து ஒரு விதியைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே கனடாவின் பால் கோர்கம் அதற்கு எளிய படம் ஒன்றைக் கொடுத்தார். லேசரின் மின்புலம் அணுவின் தடுப்பை வளைக்க, எலக்ட்ரான் ஊடுருவி வெளியேறும். புலம் அதை விரட்டி ஓட்டும். அரைச் சுற்றில் புலம் திசை மாறியதும் அதையே திருப்பி அடிக்கும். தாய் அணுவில் வந்து மோதும் எலக்ட்ரான், வழியில் சேர்த்த ஆற்றலை ஒரே ஃபோட்டானாகக் கொட்டிவிடும். கொட்டக்கூடிய அதிகபட்ச ஆற்றல், அணுவின் அயனியாக்க ஆற்றலோடு அசைவாற்றலைப்போல 3.17 மடங்கைக் கூட்டினால் கிடைப்பது. அசைவாற்றல் என்று நான் இங்கே சொல்வது, புலத்தில் ஆடும் எலக்ட்ரானின் சராசரி இயக்க ஆற்றல். இது லேசர் செறிவுக்கு நேர்விகிதத்திலும், அலைநீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும்.

எக்ஸ் கதிர் வேண்டுமென்றால் ஆக இரண்டு வழி: செறிவைக் கூட்டு, இல்லையென்றால் அலைநீளத்தைக் கூட்டு.

செறிவைக் கூட்டிப் பார்த்தது

அன்றைக்கு ஆய்வகங்களில் இருந்தது 800 நானோமீட்டரில் ஓடும் டைட்டானியம்-சஃபையர் லேசர். அதனால் முதலில் செறிவைத்தான் கூட்டிப் பார்த்தார்கள். 1997-இல் வியன்னாவில் கிராவுஸ் குழுவும், அப்போது மிச்சிகனில் இருந்த மர்னேன், கப்டைன் குழுவும் ஹீலியத்தில் 'நீர்ச்சாளரம்' எனப்படும் பகுதிக்குள் கால் வைத்தார்கள். கார்பனின் உட்கூட்டு உறிஞ்சல் தொடங்கும் 284 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் ஆக்சிஜனின் 543-க்கும் நடுவே உள்ள பகுதி அது. அங்கே தண்ணீர் ஓரளவு ஒளியை விட்டுவிடும், கார்பன் நன்றாக உறிஞ்சும். உயிரணுவையோ கரைசலில் உள்ள மூலக்கூறையோ பார்க்க வேறெங்கும் கிடைக்காத வசதி.

கால் வைத்தார்கள், நிற்க முடியவில்லை. ஏன் என்று கணக்குப் போட்டால் தெரியும். 800 நானோமீட்டரில் 300 எலக்ட்ரான் வோல்ட்டை எட்ட, சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1.4 × 10¹⁵ வாட் செறிவு வேண்டும். ஹீலியம் அணுவின் தடுப்பு அறவே இடிந்து எலக்ட்ரான் தானாக வெளியே கொட்டும் செறிவும் ஏறக்குறைய அதுவேதான். 1,600 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு என்றால் 8 × 10¹⁵ வாட் வேண்டும். துடிப்பின் உச்சம் வருவதற்குள் வாயு முழுவதும் பிளாஸ்மாவாகியிருக்கும், மோதித் திரும்ப எலக்ட்ரானை அணைத்துக்கொள்ளும் நடுநிலை அணுவே மிச்சமிருக்காது.

3.9 மைக்ரானில் அதே 1,600-ஐ எட்ட 3.5 × 10¹⁴ வாட் போதும். ஹீலியம் அசையாமல் நிற்கும் செறிவு அது.

ஓர் அணுவின் கணக்கு

அப்படியானால் ஏன் எல்லாரும் உடனே நீண்ட அலைக்குத் தாவவில்லை? லேசர் கிடைக்காதது ஒரு காரணம். இன்னொன்று, முன்பு சொன்ன விளைச்சல் சரிவு.

எலக்ட்ரான் வெளியேறித் திரும்ப ஒரு சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் பிடிக்கிறது. 800 நானோமீட்டரில் சுற்று 2.7 ஃபெம்டோசெகண்டு (ஒரு ஃபெம்டோசெகண்டு என்பது 10⁻¹⁵ நொடி), பயணம் 1.7. 3.9 மைக்ரானில் சுற்று 13 ஃபெம்டோசெகண்டு, பயணம் எட்டரை. குவாண்டம் விதிப்படி எலக்ட்ரான் அலைப்பொதி பறக்கும் நேரமெல்லாம் பக்கவாட்டில் பரவிக்கொண்டே இருக்கும். திரும்பி வரும்போது அது அணுவைவிடப் பல மடங்கு அகலமாகியிருக்கும். மோதுவது அதில் ஒரு துணுக்குதான், மிச்சமெல்லாம் அணுவைத் தொடாமலே கடந்து போய்விடும். அது மட்டுமில்லை. உமிழும் ஒளி இன்னும் அகலமான நிறமாலையில் பரவுவதால், ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் கிடைக்கும் பங்கும் குறைகிறது.

2007-இல் வந்த கணக்குகள், விளைச்சல் அலைநீளத்தின் ஐந்தாம் அடுக்குக்கும் ஆறாம் அடுக்குக்கும் இடையே எதிர்விகிதத்தில் சரியும் என்றன. 2009-இல் செனானிலும் கிரிப்டானிலும் செய்த அளவீடு அதைவிடவும் மோசம், ஆறுக்கு மேல். 800 நானோமீட்டரிலிருந்து 3.9 மைக்ரானுக்குப் போவது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஐந்தரை அடுக்கு என்று மென்மையாக வைத்துக்கொண்டாலும் விளைச்சல் ஆறாயிரத்தில் ஒரு பங்காகிறது. ஏற்கெனவே அற்பமாக இருந்ததில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு! நியாயமாக யோசிக்கும் எவரும் இந்த இடத்தில் கையை விட்டிருப்பார்கள்.

வாயுவின் கணக்கு

ஓர் அணு உமிழும் ஒளியைக் கண்டறிய முடியாது. குழாயில் உள்ள எண்ணற்ற அணுக்கள் உமிழ்வது முன்னோக்கி ஒன்றாகக் கூடினால்தான் கற்றை உருவாகும். ஒரு அரங்கு முழுக்கக் கைதட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: அவரவர் இஷ்டத்துக்குத் தட்டினால் இரைச்சல், ஒரே தாளத்தில் தட்டினால் அரங்கே அதிரும். ஒளியில் இந்தத் தாளம் பிசகாதபோது வெளிச்சம் அணுக்களின் எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறுகிறது. பத்து மடங்கு அணுக்கள், நூறு மடங்கு ஒளி.

தாளம் பிசகாமல் இருக்க லேசரின் கட்ட வேகமும், அதாவது அலையின் முகடுகள் நகரும் வேகமும், எக்ஸ் கதிரின் கட்ட வேகமும் ஒன்றாக வேண்டும். இதுதான் கட்டப் பொருத்தம். எக்ஸ் கதிர் வாயுவைப் பெரிதாக மதிப்பதில்லை, ஏறக்குறைய வெற்றிடத்து ஒளி வேகத்திலேயே போகும். லேசரின் நிலை வேறு. அதன் கட்ட வேகத்தில் மூன்று பேர் கை வைக்கிறார்கள். குழாயின் குறுகிய துளை வேகத்தைக் கூட்டுகிறது. அயனியாக்கத்தால் வந்த கட்டுறா எலக்ட்ரான்களும் கூட்டுகின்றன. குறைப்பது நடுநிலை அணுக்கள் மட்டும்தான். இருவர் முன்னே இழுக்க, ஒருவர் பின்னே பிடிக்கிறார். அயனியான அணுக்களின் பங்கு ஒரு அளவைத் தாண்டிவிட்டால், எவ்வளவு வாயுவை நிரப்பினாலும் நடுநிலை அணுக்களால் ஈடுகட்ட முடியாது. அந்த அளவுக்கு மாறுநிலை அயனியாக்கம் என்று பெயர். 800 நானோமீட்டர் லேசருக்கு ஆர்கானில் ஏறக்குறைய 4 சதவீதம், நியானில் 1, ஹீலியத்தில் அரை சதவீதம்.

1998-இல் மர்னேன், கப்டைன் குழு வாயு நிரம்பிய நுண்துளைக் குழாயில், அழுத்தத்தைத் திருகித் திருகியே இந்தச் சமநிலையைக் கொண்டுவரலாம் என்று காட்டியது. ஆனால் 800 நானோமீட்டரில் அரை சதவீத வரம்புக்குள் நிற்கும் செறிவில் ஹீலியம் தரும் உச்ச ஆற்றல் 150 எலக்ட்ரான் வோல்ட் அளவில் நின்றுவிடும். 1997-இல் நீர்ச்சாளரத்தில் வந்த ஒளி மங்கலாக இருந்ததற்கும் இதுதான் காரணம். அணு ஒழுங்காக உமிழ்ந்தது, வாயு ஒத்துழைக்கவில்லை.

இப்போது அலைநீளத்தைக் கூட்டிப் பாருங்கள். முதல் பார்வைக்கு இங்கேயும் கெட்ட செய்திதான். கட்டுறா எலக்ட்ரான்கள் ஒளிவிலகல் எண்ணைக் குறைக்கும் அளவு அலைநீளத்தின் வர்க்கமாகக் கூடுவதால், மாறுநிலை அயனியாக்கம் அதே வீதத்தில் குறையும். 3.9 மைக்ரானில் ஹீலியத்துக்கு அது சுமார் 0.02 சதவீதம், அதாவது ஐயாயிரம் அணுக்களில் ஒன்று அயனியாகலாம். மிகக் கறாரான வரம்பு. ஆனால் அயனியாக்கம் செறிவைப் பொறுத்து அடுக்கேற்ற வேகத்தில் மாறும் சமாச்சாரம். வரம்பை இருபத்து நான்கில் ஒரு பங்காக்கினாலும், அதற்குள் அடங்கச் செறிவைக் கொஞ்சம் குறைத்தால் போதும். செறிவில் விட்டுக்கொடுத்தது கொஞ்சம், அசைவாற்றலில் வர்க்கமாகக் கிடைத்தது ஏராளம். கூட்டிக் கழித்தால், கட்டப் பொருத்தத்தோடு எட்டக்கூடிய உச்ச ஆற்றல் அலைநீளத்தின் ஏறக்குறைய ஒன்றரை அடுக்கில், சற்று மேலேயே, ஏறுகிறது.

அப்புறம் அழுத்தம். துளையின் இழுப்பும் அலைநீளத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. அதைச் சமன் செய்ய நடுநிலை வாயுவும் அதே அளவு கூட வேண்டும், அதாவது அழுத்தத்தை இருபது மடங்குக்கு மேல் ஏற்ற வேண்டும். சாதாரணமாக இது தொல்லை, ஏனென்றால் உண்டாகும் கதிரை அந்த வாயுவே விழுங்கிவிடும். ஆனால் ஃபோட்டான் ஆற்றல் ஏற ஏற ஹீலியத்தின் உறிஞ்சல் கிடுகிடுவென்று குறைகிறது. கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம் போனால் ஹீலியம் கண்ணாடிபோல. அதனால் அடர்த்தியைத் தாராளமாகக் கூட்டலாம், கதிர் நீண்ட தூரம் வளரலாம். அடர்த்தியும் நீளமும் வர்க்கமாக வேலை செய்கின்றன. ஓர் அணு பேரில் எழுதிய அந்த ஆயிரக்கணக்கான மடங்கு நட்டத்தில் பெரும்பகுதி இங்கே அடைபடுகிறது.

எனக்கு இதில் பிடித்தது, எல்லாப் பக்கமும் அதே அலைநீள வர்க்கம் நிற்பதுதான். நட்டத்துக்கும் அதுவே காரணம், லாபத்துக்கும் அதுவே காரணம்.

படிப்படியாக

2012 திடீரென்று வந்ததில்லை. 2008-இல் ஜப்பானின் ரிக்கன் நிறுவனத்தில் தகாஹாஷி, மிதோரிகாவா குழு 1.55 மைக்ரான் லேசரை நியானில் செலுத்தி, கட்டப் பொருத்தத்தோடு நீர்ச்சாளரத்துக்குள் போனது. 2009-இல் ஜிலா குழு, இந்த வழியே கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை கொண்டுபோகும் என்று கணக்கை வெளியிட்டது. 2010-இல் 2 மைக்ரான் லேசரும் ஹீலியமும் சேர்ந்து நீர்ச்சாளரம் முழுவதையும் நிரப்பின. அடுத்த படி இன்னும் நீண்ட அலை. அதற்கு வேண்டிய லேசர் ஜிலா இருக்கும் போல்டர் நகரில் இல்லை, வியன்னாவில் இருந்தது.

வியன்னாவின் லேசர் ஒளியளவுருப் பெருக்கம் என்ற முறையில் இயங்கியது. ஒரு படிகத்தில் வலுவான பம்ப் துடிப்பும் நீட்டி வைத்த பலவீனமான விதைத் துடிப்பும் சந்திக்கும்போது பம்பின் ஆற்றல் விதைக்கு மாறும், பிறகு விதையைச் சுருக்கி எடுப்பார்கள். சில மில்லிஜூல் ஆற்றலும் 80 ஃபெம்டோசெகண்டு அளவு நீளமும் உள்ள துடிப்புகள், அதாவது ஆறு சுற்றுகள்தான். நொடிக்கு 20 துடிப்புகள். இந்த இருபதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இடிக்கும்.

குழாயின் முன்னால்

இந்த மாதிரி சோதனையில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். குழாயின் நடுவில் வாயு நுழைகிறது, இரு முனைகளும் வெற்றிட அறைகளில் திறந்திருக்கின்றன. நடுவில் பல பத்து வளிமண்டல அழுத்தம், முனையைத் தாண்டினால் பம்புகள் கதறிக்கொண்டு இழுக்கும் வெற்றிடம். ஹீலியம் எந்த இடுக்கிலும் நழுவிவிடும் வாயு. லேசரை வரிசைப்படுத்துவதைவிட இந்த அழுத்த வேறுபாட்டைத் தாங்கவைப்பதுதான் பாதி வேலை.

வெளியே வரும் கற்றையில் அகச்சிவப்பும் சேர்ந்தே வரும், எக்ஸ் கதிரைவிடப் பல கோடி மடங்கு வலுவாக. அதைத் தடுக்கச் சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள உலோகத் தகடு. அதில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் கேமராவில் விழும் படம் கெட்டுப்போகும். தகட்டைத் தாண்டிய கதிர் கீற்றணியில் சாய்வாகப் பட்டு நிறமாலையாக விரிந்து கேமராவில் விழுகிறது.

இந்த நிறமாலையில் தனித்தனி ஹார்மோனிக் கோடுகளைத் தேடாதீர்கள். 3.9 மைக்ரானில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 0.64 எலக்ட்ரான் வோல்ட்தான். ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் பக்கம் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தொடர் பட்டை. 2012 சோதனையில் இந்தப் பட்டை புற ஊதாவிலிருந்து 1.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வரை நீண்டது.

எக்ஸ் கதிர் வந்திருப்பது கட்டப் பொருத்தத்தால்தான், ஏதோ பிளாஸ்மா மினுக்கலால் இல்லை என்று எப்படித் தெரியும்? அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தெரியும். தாளம் சேர்ந்திருந்தால் கதிரின் வலிமை அழுத்தத்தின் வர்க்கமாக ஏறும். பிளாஸ்மா மினுக்கல் அப்படி ஏறாது, முன்னோக்கிய ஒடுங்கிய கற்றையாகவும் வராது.

பக்கத்து அணுக்கள்

இந்தச் சோதனையில் பெரிதாகக் கவனிக்கப்படாத, ஆனால் ஆகச் சுவையான பகுதி இதுதான்.

3.9 மைக்ரான் லேசர், 3.5 × 10¹⁴ வாட் செறிவு என்று வைத்தால் எலக்ட்ரான் தாய் அணுவை விட்டுப் பல பத்து நானோமீட்டர் தூரம் போய்த் திரும்புகிறது. வாயு 30 வளிமண்டல அழுத்தத்தில் இருந்தால் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் சராசரி இடைவெளி ஒரே ஒரு நானோமீட்டர். கோர்கம் வரைந்த படத்தில் எலக்ட்ரான் வெட்டவெளியில் ஓடித் திரும்புகிறது. இங்கே அது நெருக்கடியான சந்தில் ஓடுகிறது. பரவிக் கிடக்கும் அலைப்பொதி எத்தனையோ அந்நிய அணுக்களைத் தொட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறது. ஒவ்வொரு தொடலும் அதன் கட்டத்தைக் கலைக்கலாம். அப்படிக் கலைந்தால் தாளமெல்லாம் போச்சு, வர்க்கமாக வர வேண்டிய லாபமும் போச்சு.

அப்படி நடக்கவில்லை. வெளியே வந்த கற்றையின் இடஞ்சார் ஓரியல்புத் தன்மை, அதாவது கற்றையின் குறுக்கே எங்கும் அலைகள் தாளம் பிசகாமல் இருப்பது, உயர்வாகவே இருந்தது. ஹீலியம் அணு சிறியது, மூடிய கூடு, எலக்ட்ரானைச் சிதறடிக்கும் குறுக்குப்பரப்பு வேகமான எலக்ட்ரான்களுக்குக் குறைவு என்பதெல்லாம் சாதகங்கள். இருந்தாலும் இது முன்கூட்டி உறுதியாகச் சொல்லக்கூடிய முடிவாக இருக்கவில்லை. சோதனை தோற்றிருக்கக்கூடிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

உயர் அழுத்தம் இன்னொரு உபகாரமும் செய்தது. அடர்ந்த வாயுவில் லேசர் தன்னைத்தானே கொஞ்சம் குவித்துக்கொள்ளும், பிளாஸ்மா அதைக் கொஞ்சம் விரிக்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்த, கற்றை ஒடுங்கிய வடிவில் நீண்ட தூரம் ஓடியது. விளைச்சல் இதனாலும் கூடியது.

இரண்டரை அட்டோசெகண்டு விவகாரம்

இந்தச் சோதனையைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் மேற்கோள் காட்டும் எண் 2.5 அட்டோசெகண்டு (ஃபெம்டோசெகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு அட்டோசெகண்டு). எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. கட்டுரையே 'கொள்கையளவில்' என்று சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் அந்தச் சொல் வழியிலேயே உதிர்ந்துபோய், 2.5 அட்டோசெகண்டுத் துடிப்பை உண்டாக்கினார்கள் என்றே பரவிவிட்டது.

எண் எப்படி வந்தது என்பது எளிது. நிறமாலை எவ்வளவு அகலமோ அவ்வளவு குறுகலான துடிப்பு சாத்தியம். மணி வடிவத் துடிப்புக்கு, 1,825-ஐ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள அகலத்தால் வகுத்தால் அட்டோசெகண்டில் ஆகக்குறைந்த நீளம் கிடைக்கும். 730 எலக்ட்ரான் வோல்ட் அகலம், 2.5 அட்டோசெகண்டு. ஆனால் இந்தக் கணக்கு எல்லா ஆற்றல்களும் ஒரே கணத்தில் பிறந்ததாக எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் குறைந்த ஆற்றலோடு திரும்பும் எலக்ட்ரான்கள் முன்னதாகவும் அதிக ஆற்றலோடு திரும்புபவை பின்னதாகவும் வந்து மோதுகின்றன. பிறக்கும்போதே துடிப்பு நீண்டு கிடக்கிறது. இதற்கு அட்டோ சிர்ப் என்று பெயர். ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இவ்வளவு என்று பார்த்தால் நீண்ட அலையில் இந்த நீட்சி குறைவுதான். ஆனால் அகலம் பல நூறு எலக்ட்ரான் வோல்ட் என்பதால் மொத்தத்தில் பெரிதாகிவிடுகிறது. நூறு எலக்ட்ரான் வோல்ட் பக்கம் பொருத்தமான உலோகத் தகட்டாலோ வாயுவாலோ இதைச் சரிக்கட்டலாம். கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம் அந்த அகலம் முழுவதற்கும் வேலை செய்யும் பொருளைப் பிடிப்பது பெரும்பாடு.

நிஜமாக அளந்து உறுதி செய்த எண்களைப் பார்த்தால் நிலவரம் புரியும். 2001-இல் கிராவுஸ் குழு 650 அட்டோசெகண்டில் தனித்துடிப்பைக் காட்டியது. 2012-இல் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 67-க்கு வந்தது, 2017-இல் 53-க்கு. அதே ஆண்டு சூரிக்கின் இடிஎச் நிறுவனத்தில் 43. இந்த 43-க்குக் கூட 42 எலக்ட்ரான் வோல்ட் அகலம் ஒழுங்காக வரிசையில் நின்றால் போதும். எழுநூறை வரிசையில் நிறுத்துவது வேறு ஒரு வேலை.

ஆறு சுற்றுத் துடிப்பிலிருந்து ஒரே ஒரு வெடிப்பு வருமா, ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒன்றாக வரிசையாக வருமா என்ற கேள்வியும் இருந்தது. இதற்கு 2014-இல் ஜிலா குழு விடை சொன்னது: நீண்ட அலையில், உயர் அழுத்தத்தில், கட்டப் பொருத்தம் துடிப்பின் நடுவில் மிகக் குறுகிய நேரம்தான் நிலவும். அந்த வாசல் திறந்து மூடுவதற்குள் ஒரு வெடிப்புக்குத்தான் வழி. மாறுநிலை அயனியாக்கம் கறாராக இருப்பதன் இன்னொரு லாபம் இது.

பிறகு என்ன ஆனது

ஒரு நிகழ்வு ஆய்வில் இதையும் நேராகச் சொல்ல வேண்டும். 1.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற உச்சியில் யாரும் குடியேறவில்லை. நொடிக்கு இருபது துடிப்பு, துடிப்புக்குக் கிடைக்கும் ஃபோட்டான்களும் பரந்த பட்டையில் சிதறியவை. வேதிவினை ஒன்றைப் படம்படமாக எடுக்க வேண்டுமானால் லட்சக்கணக்கில் துடிப்புகள் சேர வேண்டும். இருபதில் நாள்கணக்கில் உட்கார வேண்டியதுதான். அதற்குள் லேசர் நகரும், அழுத்தம் மாறும், மாதிரி கெட்டுப்போகும்.

துறை குடியேறிய இடம் நடுவில் இருந்தது: 1.8 முதல் 2.2 மைக்ரான் வரையிலான லேசர், 300 முதல் 600 எலக்ட்ரான் வோல்ட் வரையிலான கதிர். பார்சிலோனாவின் இக்ஃபோ ஒளியியல் ஆய்வு நிலையத்தில் யென்ஸ் பீகர்ட் குழு 1.85 மைக்ரானில் நொடிக்கு ஆயிரம் துடிப்புகளோடு நீர்ச்சாளரம் முழுவதையும் திறந்தது. அவர்கள் நீண்ட குழாயைக் கூட வைத்துக்கொள்ளவில்லை. பல வளிமண்டல அழுத்தமுள்ள சின்ன வாயு இலக்கில் லேசரைக் குவித்தே கட்டப் பொருத்தம் கண்டார்கள். 2020-இல் இடிஎச் குழு 2.2 மைக்ரானில் நொடிக்கு லட்சம் துடிப்புகளுக்கு வந்தது. ஜெர்மனியின் ஜெனாவில் தூலியம் இழை லேசரை வைத்து ஏறக்குறைய அதே வேகத்தை எட்டினார்கள்.

இந்த ஆற்றல் பகுதியில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் பழக்கமான ஒரு தொந்தரவு உண்டு. நிறமாலையில் 284 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு பள்ளம், மாதிரியே வைக்காதபோதும். வெற்றிட அறையில் மிச்சமிருக்கும் எண்ணெய் ஆவியும் கரிமப் பிசுக்கும் கதிர் படும் கண்ணாடிகளிலும் கீற்றணியிலும் மெல்லிய கார்பன் படலமாகப் படிந்துவிடுகின்றன. கார்பனைப் பார்க்கக் கட்டிய கருவி முதலில் தன் மேலுள்ள அழுக்கைத்தான் பார்க்கிறது. திட்டிக்கொண்டே அதையே ஆற்றல் அச்சைச் சரிபார்க்கும் குறியாகவும் வைத்துக்கொள்வார்கள், எங்கே விழும் என்று திட்டவட்டமாகத் தெரிந்த பள்ளமாயிற்றே.

பலன் 2017-இல் தெரிந்தது. பெர்க்லியில் ஸ்டீபன் லியோன் குழு, சைக்ளோஹெக்ஸாடையீன் வளையம் ஒளி பட்டுத் திறப்பதைக் கார்பன் விளிம்பில், அதாவது கார்பனின் உறிஞ்சல் தொடங்கும் ஆற்றலில், ஃபெம்டோசெகண்டு வாரியாகப் பின்தொடர்ந்தது. அதே ஆண்டு சூரிக், ஜெனீவா ஆய்வாளர்கள் சிஎஃப்4, எஸ்எஃப்6 மூலக்கூறுகளின் அயனிகள் உடைவதைக் கார்பன், சல்ஃபர் விளிம்புகளில் பார்த்தார்கள். இரண்டும் மேசை மேல் உண்டாக்கிய கதிரில் நடந்தவை. சிங்க்ரோட்ரான் என்ற பெரிய எலக்ட்ரான் முடுக்கியில் ஃபோட்டான்கள் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் துடிப்புகள் ஃபெம்டோசெகண்டு வினைகளைப் பார்க்க மிக நீளம். முடுக்கிகளை வைத்தே இயங்கும் கட்டுறா எலக்ட்ரான் லேசர்களில் இப்போது அட்டோசெகண்டுத் துடிப்பும் கிடைக்கிறது, வெளிச்சமும் ஹார்மோனிக் கதிரைவிடப் பல மடங்கு. ஆனால் அங்கே ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் வேறு மாதிரி பிறக்கும், கற்றை நேரம் கிடைக்கவும் வரிசையில் நிற்க வேண்டும். வாயுவில் பிறக்கும் கதிர் தன்னைப் பெற்ற லேசரோடு நேரத்தில் பிசகாமல் பூட்டிக்கொண்டு வருகிறது, ஒரே வீச்சில் அகன்ற பட்டையையும் தருகிறது. உறிஞ்சல் விளிம்புகளைப் பார்க்க அதுதான் வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதே ஜிலா குழு 2015-இல் எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. நீண்ட அலைக்குப் பதிலாக 270 நானோமீட்டர் பக்கமுள்ள புற ஊதா லேசர், நடுநிலை அணுக்களுக்குப் பதிலாகப் பல எலக்ட்ரான்களை இழந்த அயனிகள் நிரம்பிய பிளாஸ்மா. மாறுநிலை அயனியாக்கத்தை மீறக்கூடாது என்ற விதியே அங்கே உடைபடுவதுபோலத் தோன்றும். ஆனால் குறுகிய அலைக்கு கட்டுறா எலக்ட்ரான்களின் இழுப்பு குறைவு, அயனிகளும் ஒளிவிலகலில் ஓரளவு பங்கு தருகின்றன, அயனியின் அயனியாக்க ஆற்றலும் பெரிது. அலைப்பொதி பரவ நேரமே இல்லாததால் ஓர் அணுவின் விளைச்சலும் அபாரம். அந்த வழியில் 280 எலக்ட்ரான் வோல்ட் வரை ஒளி வந்தது, அதுவும் தனித்தனிக் கூர்மையான கோடுகளாக. உறிஞ்சல் நிறமாலைக்கு அகன்ற பட்டை வேண்டுமென்றால் நீண்ட அலை. நுண்படம் எடுக்க ஒற்றை நிறத்துக் கோடு வேண்டுமென்றால் புற ஊதா. இப்போது ஆய்வகங்கள் லேசரைத் தேர்ந்தெடுப்பது இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான்.